பதிலுக்கு விட்ட இடம்

பனி விளிம்பு முகாம்,
அண்டார்க்டிகா
20 பிப்ரவரி 1997

அண்ணி,

கப்பல் நாளை கிளம்புகிறது. இந்தக் கடிதமும் ஒரு கேசட்டும் அதில் வருகின்றன. நான் அடுத்த வருடக் கப்பலில்தான்.

எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றுமில்லை. வெள்ளை. அதை ஒரு முறை எழுதினால் போதும்.

மூன்று வாரமாகக் கடலின் மேல் கூடாரம் போட்டு இருக்கிறோம். கடல் என்றால் மேலே உறைந்த கடல். கீழே தண்ணீர் ஓடுகிறது. இனி நூறு கிலோமீட்டர் உள்ளே, நிலையத்துக்குப் போய்விடுவோம். குளிர்காலம் முழுவதும் அங்கே.

என் வேலை என்ன என்று கிளம்பும்போது கேட்டீர்கள். பஸ் வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன். பனிக்கு அடியில் சீல்கள் வாழ்கின்றன. பள்ளிப் புத்தகத்தில் கடல்நாய் என்று படம் போட்டிருப்பார்கள். மூச்சு விட அவற்றுக்குப் பனியில் ஒரு துளை வேண்டும். துளை உறைந்து மூடாமல் இருக்க, அதன் விளிம்பைப் பல்லால் அறுத்துக்கொண்டே இருக்கும். பல் தேய்ந்த பிறகு துளை மூடும். துளை மூடினால் அவ்வளவுதான். அந்தத் துளை வழியாக நான் மைக்கை இறக்குகிறேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கிணற்றில் சொம்பைத் தவறவிட்டவன் மாதிரி குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மேலே படுத்திருக்கும் சீல்களைக் கண்ணால் எண்ணலாம். கீழே இருப்பவற்றைக் காதால்தான் எண்ண வேண்டும். எந்த வருடம் பனி எப்போது உடைந்தது, அந்த வருடம் எத்தனை குரல் இருந்தது. பூமி சூடாகிறது என்று சொல்கிறார்கள் இல்லையா, அதைச் சொல்ல இந்த மாதிரி எண்ணிக்கை இருபது வருடத்துக்கு வேண்டும். நான் அதில் ஒரு வருடம்.

கேசட்டில் அவற்றின் குரல்கள். அம்மாவும் சுபலட்சுமியும் கேட்கட்டும். அண்ணனும். கிண்டல் செய்வார், பரவாயில்லை.

கோவா அலுவலகத்தின் பேக்ஸ் நம்பர் கீழே. அங்கே வருவதை அப்படியே இங்கே அனுப்புவார்கள். உங்கள் கையெழுத்திலேயே வந்து சேரும்.

சதீஷ்

---

ஆரணி
19 ஏப்ரல் 1997

தம்பி சதீஷுக்கு அண்ணி தேவிப்ரியா எழுதியது.

இங்கே எல்லோரும் நலம். கேசட் வந்தது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். உன் அண்ணன், "என்னாடா இது, பெல்ட்டு வழுக்கிகினு ஓடற தறி மாதிரி கீது. இதைக் கேக்கறதுக்கா கவர்மெண்ட்டு இவனுக்குச் சோறு போடுது" என்றார். சுபலட்சுமிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "தண்ணிக்கு அடியில இருக்கிறதை எல்லாம் எதுக்குக் கேக்கணும்" என்று எழுந்து போய்விட்டார்.

உன் தங்கை சுபலட்சுமிக்கு வரன் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை களம்பூர். ரைஸ் மில்லில் கணக்குப் பார்க்கிறார். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நீ தை மாதம் எங்கே இருப்பாய் என்று அத்தை என்னைக் கேட்கிறார். கடலில் என்றேன்.

பேக்ஸ் அனுப்ப பஸ் ஸ்டாண்டு எதிரில் சம்பந்தம் அண்ணன் பூத்துக்கு வந்திருக்கிறேன். எழுதும்போதே எட்டிப் பார்க்கிறார். உன் பதில் அவர் மெஷினில்தான் வரும். அவர் படித்த பிறகுதான் நான் படிப்பேன். அதற்குத் தகுந்த மாதிரி எழுது.

ஒன்று கேட்க வேண்டும். கேசட்டின் இரண்டாவது பக்கம் எல்லோரும் எழுந்து போன பிறகு ஓடியது. நான் மட்டும் இருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல். பிறகு ஒரே ஒரு முறை, சின்னதாக ஒரு சத்தம். அது என்ன?

அவசரமில்லை. தெரிந்தால் எழுது.

தேவிப்ரியா

---

நிலையம்
28 மே 1997

அண்ணி,

சூரியன் போய் ஒரு வாரம். அது மறைவதை யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் வரவில்லை, அவ்வளவுதான். மத்தியானம் வடக்கே கொஞ்சம் சாம்பல் நிறம். பிறகு அதுவும் இல்லை.

உங்கள் கேள்வி. என் குறிப்பில் அந்த இடத்தில் 'காற்று' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மூல டேப்பை எடுத்துக் கேட்டேன். முதலில் இல்லை. சத்தத்தைக் கூட்டி வைத்து மறுபடி கேட்டேன். இருக்கிறது. ஏறி, உடைந்து, நிற்கிறது. ஒரு மூச்சு அளவுகூட இல்லை.

குட்டி என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் பிப்ரவரியில் குட்டி ஏது. அக்டோபரில் பிறப்பவை அதற்குள் வளர்ந்து குரல் மாறியிருக்கும். பனி முறுக்கிக்கொள்ளும்போது இப்படி ஒரு சத்தம் வருவதுண்டு. மைக் கயிறு துளை விளிம்பில் உரசினாலும் வரும். மூன்றில் எது என்று சொல்ல ஒரு சத்தம் போதாது. இன்னொரு முறை வந்திருந்தால் சொல்லலாம். வரவில்லை.

தெரியாது என்பது எங்கள் வேலையில் ஒரு பதில். வீட்டில் அது பதில் ஆகாது என்று தெரியும்.

எதற்காகக் கேட்டீர்கள்?

சதீஷ்

---

வேலூர்
21 ஜூன் 1997

தம்பி,

கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேலூர் வந்திருக்கிறேன். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே பேக்ஸ் கடைக்காரருக்கு என்னைத் தெரியாது. சம்பந்தம் அண்ணன் போன முறை உன் கடிதத்தைக் கையில் கொடுக்கும்போதே, "தம்பிக்குச் சூரியன் போயிட்ச்சாமே, எப்பம்மா திரும்பி வருமாம்" என்று விசாரித்தார். அவருக்கு நல்ல மனசு. ஆனால் இதை அவர் படிக்கக்கூடாது.

எதற்காகக் கேட்டேன் என்றால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நான் அதை முன்னால் ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

இரண்டு வருஷம் முன்னால், ஆடி மாதம். நர்சிங் ஹோமில் பின்பக்க ரூம். மத்தியானம் கரண்ட் போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடியது. உன் அண்ணன் எனக்கு ரத்தம் வாங்க வேலூருக்கு ஓடியிருந்தார். அத்தை கதவண்டை. நீ லீவில் வந்திருந்தாய். நீ ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்தாய். உன் சட்டைக் கை எனக்குத் தெரிந்தது. நீலக் கோடு.

பிள்ளை பிறந்தாள். அழவில்லை என்று நர்ஸ் சொன்னாள். அத்தையும் அழவில்லை என்றார். நான் கேட்டேன் என்றேன். ஊசி போட்ட மயக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். சாயந்திரம் சேவூர் ஏரிக்கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. உன் அண்ணன் உட்பட. நீயும்.

நானும் விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேசட் வந்தது.

இப்போது தை மாதம் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் நம் வீட்டில் பூவாடைக்காரியைக் கும்பிடுவது உனக்குத் தெரியும். வீட்டில் இறந்துபோன பெண்களை ஏரியில் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, குடத்துத் தண்ணீரில் வீட்டுக்கு அழைத்து வந்து, புதுத் துணி வைத்துப் படைப்பது. ஒன்பது வயசில் அம்மை போட்டுப் போன உன் அத்தைக்குக்கூட ஒரு பாவாடை வைக்கிறோம். எனக்குப் பிறந்தவளையும் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். அத்தை கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"அழாத புள்ளைக்கு ஏதும்மா பேரு. உசுரே வரலியே, எங்கர்ந்து கூப்புடறது."

அழுதிருந்தால் பேர் உண்டு. பேர் இருந்தால் கூப்பிடலாம். இவ்வளவுதான் கணக்கு. நான் அழுதாள் என்று சொன்னால் அது பெற்றவள் பேச்சு. வேறு ஒருவர் சொல்ல வேண்டும். வெளியே நின்றவன் நீ ஒருவன்தான்.

நீ கேட்டாயா?

உன் பதில் சம்பந்தம் அண்ணன் கடைக்குத்தான் வரும். அதனால் நேராக எழுதாதே. கேட்டாய் என்றால் 'இங்கே காற்று அடித்தது' என்று எழுது. கேட்கவில்லை என்றால் 'காற்று இல்லை' என்று எழுது. ஒரு வரி போதும்.

தேவிப்ரியா

---

நிலையம்
14 ஜூலை 1997

அண்ணி,

காற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே காற்று எப்போதும் உண்டு. அதனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இந்த வாரம் ஜெனரேட்டர் அறையில் எனக்கு முறை. வெளியே போக முடியவில்லை. வெளியே என்று ஒன்று இருப்பதே சில சமயம் சந்தேகமாக இருக்கிறது. கதவைத் திறந்தால் இருட்டு உள்ளே விழுகிறது.

இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். படிக்க முடியவில்லை. இன்ஜின் சத்தத்துக்குள் வேறு ஒரு சத்தம் இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் இல்லை. உட்கார்ந்தால் இருக்கிறது. எங்கள் டாக்டர் மலையாளி. அவரிடம் சொன்னேன். ஜூலையில் எல்லோருக்கும் அப்படித்தானாம். சமையல்காரருக்கு அதில் டெலிபோன் மணி கேட்கிறது. ரேடியோ பார்க்கிறவருக்கு அவர் அப்பா இருமுகிறார். ஒரே மாதிரி ஓடும் சத்தத்தைக் காது சும்மா விடாதாம். தனக்கு வேண்டியதை அதிலிருந்து செய்துகொள்ளுமாம்.

உனக்கு என்ன கேட்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அண்ணி, இன்ஜின் பக்கத்தில் நின்ற ஒருவனிடம் என்ன கேட்டது என்று விசாரித்தால், அவன் எதையோ கேட்டிருப்பான். அது என்ன என்று அவனுக்கே தெரியாது. உண்டு என்று அவன் சொன்னால் அது பொய்யாக இருக்கலாம். இல்லை என்றாலும் பொய்யாக இருக்கலாம். என் வேலையில் இப்படிப்பட்ட டேப்பை ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். கணக்கில் சேர்க்க மாட்டோம்.

ஓரமாக வைத்த டேப்புகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. என் கட்டிலுக்குக் கீழே.

சதீஷ்

---

ஆரணி
20 ஆகஸ்ட் 1997

சதீஷ்,

காற்று உண்டா இல்லையா என்று கேட்டதற்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். சம்பந்தம் அண்ணன் படித்துவிட்டு, "தம்பி ரொம்ப பேஜாராகிட்டாரு போல, ஜல்தியா வரச் சொல்லுங்க" என்றார்.

உன்னை இவ்வளவு படிக்க வைத்தது கேட்பதற்குத்தானே. மீன் கேட்கிறது, சீல் கேட்கிறது, பனி முறுக்கினால் கேட்கிறது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாய். அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டாய்.

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. இல்லை என்றாவது எழுதியிருக்கலாம். நான் அதையும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கேசட்டைக் காணோம் என்று இரண்டு நாள் தேடினேன். அத்தை எடுத்து எறிந்துவிட்டார் என்று நினைத்து அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை. நேற்று தறிக் கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஜன்னல் பலகையில் டேப் ரெக்கார்டர் இருந்தது. உள்ளே அந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பக்கம். நாலு தறியும் ஓடும்போது அதில் எதுவும் கேட்காது. உன் அண்ணன் அதன் பக்கத்தில்தான் நின்று ஊடை நூல் மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. "சோத்தை வெச்சிட்டுப் போ" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன்.

இனி எழுதவேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தேவிப்ரியா

---

பனி விளிம்பு
24 நவம்பர் 1997

அண்ணி,

எழுதவேண்டாம் என்றீர்கள். மூன்று மாதம் எழுதவில்லை.

சூரியன் திரும்பி வந்து இப்போது போவதே இல்லை. போன வாரம் நாலு பேர், பனியில் ஓடும் சங்கிலி வண்டியில் விளிம்புக்கு வந்தோம். நான் பிப்ரவரியில் மைக் இறக்கிய இடத்தில் மறுபடி இறக்க வேண்டும். அந்த இடம் இல்லை. பனி உடைந்து போய்விட்டது. பிப்ரவரி வரை நிற்க வேண்டிய பனி. எங்கள் கூடாரம் இருந்த இடத்தில் தண்ணீர் கறுப்பாக ஆடிக்கொண்டிருக்கிறது.

ஒரு வருடத்தை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. அறிக்கையில் அப்படித்தான் எழுதுவேன். உடைந்த தேதி, காற்றின் வேகம், அவ்வளவுதான்.

உங்களுக்கு எழுதுவது வேறு. இது குட்டிகள் பிறந்து சில வாரங்களே ஆகும் காலம். பிறந்ததும் அவற்றுக்கு நீந்தத் தெரியாது. கற்றுக்கொள்வதற்குள் பனி போய்விட்டது. எத்தனை என்று தெரியாது. எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

கரையின் பனிச்சுவரோடு ஒட்டி ஒரு துண்டு மட்டும் மிச்சம். அதில் ஒரு பெண் சீல். பால் கட்டிய உடம்பு. தண்ணீரில் தலையை விட்டுக் கூப்பிடுகிறாள். அந்தத் துண்டின் ஓரத்தில் மைக்கை இறக்கினேன்.

அவள் கூப்பிட்டாள். நிறுத்தினாள். மறுபடி கூப்பிட்டாள். நிறுத்தினாள்.

குட்டியோடு இருக்கும் தாய்களின் டேப்புகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தாய் கூப்பிடும், குட்டி பதில் சொல்லும், தாய் கூப்பிடும். இவள் விட்ட இடைவெளி அதே அளவு. குட்டியின் குரல் வந்து போவதற்குச் சரியாக இருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் கேட்டது. பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவள் ஒருமுறைகூட அந்த இடத்தைக் குறைக்கவில்லை.

நான் இதுவரை குரல்களைத்தான் எண்ணியிருக்கிறேன். இடைவெளியை எண்ணியதில்லை. வெறுமனே கத்தும் சீல் இப்படி நிறுத்தாது. ஒரு முறையாவது பதில் கேட்ட குரல்தான் பதிலுக்கு இடம் விடும். இவளுக்குக் குட்டி இருந்தது. அது இவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. குட்டியை நான் பார்க்கவில்லை, கேட்கவில்லை. ஆனாலும் இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஹெட்போனைக் கழற்றும்போது அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. மறந்திருக்கவில்லை. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை.

ஜெனரேட்டர் சத்தத்தில் குழந்தை அழுததை நான் கேட்கவில்லை. எதையோ கேட்டேன், அது என்ன என்று இன்றும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் குரலைக் கேட்டேன். நீங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். அதற்கு முன்னால் வலியில் கத்திக்கொண்டிருந்தீர்கள், நிறுத்தாமல். பிறகு கத்தல் நின்றது. "இதோ" என்றீர்கள். நிறுத்தினீர்கள். "இதோடி" என்றீர்கள். மறுபடி நிறுத்தினீர்கள். குரலை இறக்கி, இன்னொரு முறை, "இதோடி."

அது வலிக்குப் போடும் சத்தம் இல்லை. யாரோ கூப்பிட்டு, அதற்குச் சொன்ன பதில்.

ஒரே ஒரு முறை, ஒரே ஒரு காது. என் புரொபசர் இதைக் கிழித்துப் போட்டுவிடுவார். ஆனாலும் கீழே முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

காற்று, காற்று இல்லை என்று இனி எழுத மாட்டேன். சம்பந்தம் அண்ணன் படிக்கட்டும். அம்மாவுக்கும் படித்துக் காட்டட்டும்.

ஜெ. சதீஷ்

---

ஆரணி
8 பிப்ரவரி 1998

தம்பி சதீஷுக்கு,

இதைப் பேக்ஸில் அனுப்பவில்லை. கோவா அலுவலக விலாசத்துக்குத் தபாலில் போடுகிறேன். நீ கப்பலை விட்டு இறங்கும்போது உனக்காக இருக்கும்.

சுபலட்சுமி கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை கொஞ்சம் பேச்சுக் குறைவு. அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

உன் பேக்ஸ் வந்த அன்று சம்பந்தம் அண்ணன் ஆளை அனுப்பவில்லை. பூத் ஷட்டரை இழுத்துவிட்டு அவரே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அத்தைக்கு எதிரில் நின்றார். "சாவித்திரிம்மா, உங்க புள்ளை எழுதிகிறாரு. நான் படிச்சிட்டேன், மன்னிச்சிக்கோங்க. உங்களுக்குப் படிச்சுக் காட்டச் சொல்லிகிறாரு" என்றார். நான் சமையல்கட்டில் இருந்தேன். என்ன என்று தெரியாமல் வெளியே வந்தேன். அவர் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். தறிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. சீல் கூப்பிட்டது என்கிற இடத்தில் கொட்டகையில் ஒரு தறி நின்றது. பிறகு ஒன்று. பிறகு மற்ற இரண்டும். கரண்ட் போகவில்லை. உன் அண்ணன் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

கடைசிப் பக்கத்தை அமைதியில்தான் படித்தார். நான் சொன்ன வார்த்தையை அவர் வாயால் கேட்டேன். அதைச் சொன்னது எனக்கு நினைவே இல்லை, தம்பி. அவள் அழுதது நினைவிருக்கிறது. நான் பதில் சொன்னது நினைவில் இல்லை.

அத்தை, "அரிசி ஊறிகினு கீது" என்று எழுந்து போனார். சம்பந்தம் அண்ணன் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் முதலில் என் குடத்தை வைக்க விடுகிறார்கள்.

இரண்டு மாதம் அப்படியே போனது. பூவாடைக்கு முந்தின நாள் உன் அண்ணன் ஒரு காகிதப் பொட்டலத்தை அலமாரியில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். பச்சைப் பட்டுப் பாவாடை. ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஆகும். அளவு பெரிசு என்றேன்.

"இருக்கட்டும். வளர்ற புள்ளை" என்றார்.

தை வெள்ளிக்கிழமை, விடிந்த பிறகு ஏரிக்குப் போனோம். தண்ணீர் வழியும் கலங்கல் மட்டம் வரை நின்றது. அத்தை முழங்கால் தண்ணீரில் இறங்கினார். குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். உன் கொள்ளுப்பாட்டி. உன் தாத்தாவின் முதல் மனைவி. உன் பெரியம்மா. கடைசியில் உன் அத்தை, அம்மை போட்டவள். ஒவ்வொரு பேருக்கும் பிறகு வாங்கம்மா என்றார். அதோடு முடிந்தது. எப்போதும் அங்கே குடத்தை முக்கி எடுத்துவிடுவார்.

எடுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பேர் எதுவும் சொல்லவில்லை. ஒரு பேர் சொல்லும் நேரம் சும்மா நின்றார். சுபலட்சுமி என்னைப் பார்த்தாள். உன் அண்ணன் தண்ணீரைப் பார்த்தார். அத்தை அவசரப்படவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டு வைத்திருந்தார்.

நான் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்று பேரைச் சொன்னேன். நான் மட்டும் இரண்டரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பேர். உனக்கு எழுத மாட்டேன். நேரில் வா, சொல்கிறேன்.

பிறகு எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றோம். அக்கரையில் யாரோ நெல்லுக்கு மோட்டார் போட்டிருந்தார்கள். அது ஓடிக்கொண்டே இருந்தது.

அத்தை குடத்தை முக்கி என் இடுப்பில் வைத்தார். கரை ஏறி நடந்தோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பாதி வழியில் அத்தை என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்கு எதனா கேட்டுச்சாடி?" என்றார்.

உன் ஜூலை மாதக் கடிதத்துக்கு உன்னைத் திட்டி எழுதினேன். திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கேட்டது என்று சொல்ல வாய் வந்தது. இல்லை என்று சொல்லவும் வந்தது. மோட்டார் சத்தம் இன்னும் காதில் இருந்தது. அத்தை என் கையை விடாமல் நின்றார். அவருக்கு ஏதோ கேட்டிருக்கிறது. அது என்ன என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

வீடு வரைக்கும் குடம் கனத்தது. போகப் போக அதிகமாகக் கனத்தது. தண்ணீரின் எடை மாறாது என்று நீ எழுதுவாய். எழுதாதே.

தேவிப்ரியா